விமான நிலையம் இருக்கட்டும், மலை எங்கே?

கண்டிக்கு விமான நிலையம் வேண்டும் என்ற பேச்சு மறுபடி கிளம்பியிருக்கிறது. தேர்தல் நெருங்கினாலும் வரும், சுற்றுலாப் பயணிகள் கூடினாலும் வரும். வந்தால் குண்டசாலையின் பெயரும் கூடவே வந்துவிடும். அது பழகிப்போன பேச்சு. இவ்வார எரிச்சல் அதன் வாலில் தொங்கிக்கொண்டு வந்த இன்னொரு பேச்சினால்: நிலையம் வந்தால் நம் மலைநாட்டுப் பிள்ளைகளும் விமானிகளாகிவிடலாமாம். ‘ஆரம்பித்துவிட்டார்’ என்று இப்பத்தியின் நெடுநாள் வாசகர்கள் முணுமுணுப்பது கேட்கிறது. ஆம், அதே பழைய புகார்தான். விமானத்துறை என்றதும் நம்மவர் கண்ணில் நிற்பது தோளில் நான்கு பொன்னிறப் பட்டியோடு ஒரு கப்டன் மட்டுமே. வான்வெளியில் விமானங்களை மோதவிடாமல் ஒழுங்குபடுத்தும் கட்டுப்பாட்டாளர், ‘இது பறக்கத் தகுதியானது’ என்று கையெழுத்திட்டுப் பொறுப்பேற்கும் பராமரிப்புப் பொறியியலாளர், எரிபொருளையும் பாதையையும் கணக்கிட்டுக் கொடுக்கும் அலுவலர், காற்றையும் முகிலையும் முன்கூட்டிச் சொல்லும் வானிலை அவதானி, மலைகளின் உயரம் குறித்து இறங்குபாதை வரைபடம் தயாரிப்பவர் என்று ஒரு பெரும் கூட்டமே பின்னால் இருக்கிறது. பிள்ளையின் விமானி உரிமத்துக்காகக் காணியை ஈடு வைக்கவும் துணியும் பெற்றோரிடம் இவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை.

ஓடுபாதை போட்டால் தொழில் தானாக முளைத்துவிடாது என்பதற்கு மத்தளையைவிடப் பெரிய சான்று தேவையில்லை. 2013 மார்ச்சில் திறந்தார்கள். எத்தனை பெரிய விமானமும் வந்து இறங்கலாம், விமானங்கள்தாம் வரவில்லை. அதனால் நிலையத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. சொல்ல இருப்பது வேறொரு முரண்பாட்டைப் பற்றி. பிள்ளை விமானியாக வேண்டும் என்று ஏங்கும் அதே வீட்டில், அவன் கொம்பியூட்டரில் ஓர் எயார்பஸ்ஸைக் கிளப்பிக் கட்டுநாயக்கவிலிருந்து ஹந்தானைக்கு மேலாகக் கொண்டுவந்தால், ‘கேம் விளையாடிப் பொழுதைக் கெடுக்கிறான்’ என்று ஏச்சு விழுகிறது. மைக்ரோசொஃப்ட் ஃபிளைட் சிமியுலேட்டர், எக்ஸ்-பிளேன் போன்றவற்றில் ஊறியவர்கள் தமக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று காதுகொடுத்தால் இந்த ஏச்சு எவ்வளவு அறியாமை என்பது புரியும். இறக்கையின் மடிப்புகளை எந்த வேகத்தில் விரிப்பது, குறுக்குக் காற்றில் எப்படி இறங்குவது, மாற்று நிலையத்துக்குத் திரும்ப எவ்வளவு எரிபொருள் மிச்சம் வைப்பது என்பவைதாம் அவர்களின் சண்டைகள். 2001 முதல் இயங்கும் வட்சிம் என்ற இணைய வலையமைப்பில் தொண்டர்களே விமானிகளாகவும் கட்டுப்பாட்டாளர்களாகவும் இருந்து, உண்மையான வானொலி முறைப்படி பேசிப் பழகுகிறார்கள்.

பாவனை செய்து பழகுவதை விமானத்துறையே ஒருநாளும் விளையாட்டாக எண்ணியதில்லை என்று சொல்ல ஆசை. ஆனால் முதலில் அதுவும் அப்படித்தான் எண்ணியது. அமெரிக்காவின் பிங்ஹம்டன் நகரில் ஓர்கன் வாத்தியம் செய்யும் குடும்பத்தில் வந்தவர் எட்வின் லிங்க். வாத்தியத்துக்குக் காற்றூட்டும் துருத்திகளை வைத்தே, தரையில் நின்றபடி சாய்ந்து திரும்பும் ஒரு குட்டி விமானத்தை அவர் 1929-இல் உருவாக்கினார். கேளிக்கைப் பூங்காக்கள் வாங்கின. இராணுவம் திரும்பிப் பார்க்கவில்லை. 1934-இல் தபால் விமானங்களை ஓட்டும் பொறுப்பை ஏற்று, மோசமான காலநிலையில் தன் விமானிகளைப் பறிகொடுத்த பிறகே ஆறு பொறிகளை வாங்கியது. இன்று நிலைமை தலைகீழ். அனுபவமுள்ள விமானி ஒருவர் புதிய வகை விமானத்துக்கு மாறும்போது, பயிற்சி முழுவதையும் சிமியுலேட்டரிலேயே முடித்துவிட்டு, அந்த விமானத்தை முதன்முதலாகத் தொடும் நாளிலேயே பின்னால் பயணிகளோடு, பக்கத்தில் பயிற்சிக் கப்டனோடு, பறக்க முடியும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2006-இல் கொண்டுவந்த பல்விமானிக் குழு உரிமத்துக்கு வேண்டிய 240 மணித்தியாலத்தில் பெரும்பகுதியைத் தரையிலேயே கழிக்கலாம்.

நிலையத்தை இத்தோடு விட்டுவிடுகிறேன். கண்டியின் வானைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் பேச வேண்டியது நமக்குத் தெற்கே, நோர்ட்டன் பிரிட்ஜ், மஸ்கெலியாப் பக்கத்து மலைகளில் நடந்ததைப் பற்றி. 1974 டிசெம்பர் 4 இரவு, மார்ட்டின் எயார் நிறுவனத்தின் டிசி-8 விமானம் ஒன்று இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு, ஜித்தாவுக்குப் போகும் வழியில் கட்டுநாயக்கவில் இறங்க வந்தது. 182 பயணிகள், 9 பணியாளர்கள். ஏழு கன்னியர் மலை என்றும் சப்த கன்னி என்றும் நாம் சொல்லும் தொடரில், ஏறத்தாழ 4,300 அடி உயரத்தில் அது மோதியது. 191 பேரில் ஒருவரும் தப்பவில்லை. அரை நூற்றாண்டு கடந்தும் இலங்கை மண்ணில் இதைவிடப் பெரிய விமான விபத்து நிகழவில்லை. கட்டுநாயக்க அங்கிருந்து மேற்கே சுமார் 74 கிலோமீற்றர். விசாரணை கண்ட காரணம் இயந்திரக் கோளாறு அல்ல. நிலையத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறோம் என்பதைத் தவறாகக் கணித்து, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டார்கள். விமானத்திலிருந்த டொப்ளர் கருவியையும் வானிலை ரேடாரையும் நம்பி இடத்தைக் கணித்ததே தவறான பொருள்கொள்ளலுக்கு இடம் வைத்தது என்று விசாரணையாளர்கள் கருதினார்கள். டொப்ளர், தரைக்கு மேலான வேகத்தையும் காற்றின் தள்ளலையும் அளந்து, கடந்த தூரத்தைக் கூட்டிக்கொண்டே போகும் முறை; சிறு பிழையும் அதோடு சேர்ந்தே கூடும். வானிலை ரேடார் மழைமுகிலைக் காட்டப் பிறந்தது. தான் நிற்கும் இடத்தை விமானிக்கு அடித்துச் சொல்லும் ஆற்றல் இரண்டுக்கும் இல்லை.

அதற்கு மூன்று நாட்களுக்கு முன்பு, டிசெம்பர் 1-ஆம் திகதி, அமெரிக்காவின் வேர்ஜினியாவில் டி.டபிள்யூ.ஏ. 514 என்ற விமானமும் இதேபோல் உரிய இடத்துக்கு முன்பே இறங்கி மலையில் மோதி, 92 பேர் மாண்டார்கள். அந்த விபத்தின் சூட்டில், தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவியை அமெரிக்கா தன் பயணிகள் ஜெட் விமானங்களில் கட்டாயமாக்கியது. அதன் பிதாமகர் டொன் பேட்மன் என்ற கனேடியப் பொறியியலாளர். ஆனால் அந்த முதற்கருவிக்கு ஒரு குறை: வானொலி அலையால் நேர்கீழே உள்ள தரையைத்தான் பார்க்கும், எதிரே செங்குத்தாக எழும் மலை தெரியாது. 1995 டிசெம்பரில் கொலம்பியாவின் காலி நகரை நோக்கிப் பள்ளத்தாக்கில் இறங்கிய அமெரிக்கன் எயார்லைன்ஸ் விமானத்தில் எச்சரிக்கை ஒலித்தது, தப்ப நேரமில்லை. 159 பேர் மாண்டார்கள். அங்கேயும் மூல காரணம், கணினிக்குக் கொடுத்த ஓரெழுத்து விமானத்தை வேறு திசைக்குத் திருப்பியதும், தாம் எங்கே இருக்கிறோம் என்பது விமானிகளுக்குப் புலப்படாமற் போனதுமே. பேட்மனின் விடை எளிமையானது, பிரமாண்டமானது: உலகின் மலைகள் அத்தனையையும் எண்களாக்கி விமானத்துக்குள்ளேயே வைத்துவிடுவது. சோவியத் ஒன்றியம் கலைந்தபின் விற்பனைக்கு வந்த அதன் நிலவரைத் தரவுகளையும் வாங்கிச் சேர்த்தார்கள். இன்றைய விமானம், தன் வயிற்றிலுள்ள அந்த எண்மலையோடு தன் இடத்தை ஓயாமல் ஒப்பிட்டு, முன்னே மலை வருகிறது என்று நேரத்தோடு சொல்கிறது.

இங்கேதான் நான் வர நினைத்த இடம். சிமியுலேட்டர் திரையில் ஹந்தானையையும் நக்கிள்ஸையும் எழுப்புவதும், விமானத்தின் எச்சரிக்கைக் கருவிக்குள் இருப்பதும் கொள்கையளவில் ஒன்றே: நிலத்தின் உயரங்களை எண்களாக்கிய படம். 2000 பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ரேடாரால் அளந்த நிலவுயரத் தரவு பொதுவில் கிடைக்கிறது. ஆர்வலர்களின் மலைகள் பலவும் அதிலிருந்து எழுந்தவையே. வானில் உயிர் காத்தது வீரமல்ல, புறப்படும் முன்பே மலையை வரைந்து வைத்த பொறுமை என்பதே என் கட்சி. அப்படியானால் திரையில் மலையை வாசிக்கப் பழகும் பிள்ளை விமானத்துறையின் வாசலில் நிற்கவில்லை. உள்ளே, நடுமுற்றத்தில் நிற்கிறது. மறுப்பார்கள். திரையில் உயிர்ப்பயம் இல்லை, மோதினால் மறுபடி தொடங்கலாம், இதில் என்ன பயிற்சி என்பார்கள். சப்த கன்னியில் குறைந்தது பயமா? பயப்பட வேண்டிய இடம் எது என்ற அறிவல்லவா! பயம் அறிவுக்குப் பின்னால் வருவது. அறிவைத் திரையிலும் ஊட்டலாம். ஆனால் மறுப்பில் ஒரு பாதி நியாயம் உண்டு. வண்ணத் திரையில் தன் விமானம் ஊர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டே பறக்கிறவன் காலி விபத்தின் தவறைத்தான் ஒத்திகை பார்க்கிறான். அதனால்தான் தேர்ந்த ஆர்வலர்கள் ஜி.பி.எஸ்ஸை அணைத்துவிட்டு, வானொலி வழிகாட்டியின் முள்ளையும் கடிகாரத்தையும் வைத்து இடம் கண்டுபிடிக்கிறார்கள். கற்பது அந்த நேரத்தில்தான்.

இன்னும் கனமான மறுப்பு ஒன்றுண்டு. பாவனை பொய் சொல்லும். 2009 ஜூன் 1-ஆம் திகதி அட்லாண்டிக்கில் விழுந்த எயார் பிரான்ஸ் 447, சிமியுலேட்டரில் முறையாகப் பயின்றவர்கள் ஓட்டிய எயார்பஸ் ஏ330. வேகமளக்கும் குழாய்கள் பனியால் அடைபட, தானியங்கி ஓட்டுனர் விலகிக்கொள்ள, கையால் ஓட்டிய விமானி மூக்கை உயர்த்திக்கொண்டே இருந்தார். இறக்கை தாங்கும் ஆற்றலை இழந்து 228 பேரோடு கடலில் விழுந்தது. அத்தனை உயரத்தில் கையால் ஓட்டும் பயிற்சி விமானிகளுக்குத் தரப்பட்டிருக்கவில்லை. இறக்கை அப்படிக் கைவிட்டபின் விமானம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அன்றைய சிமியுலேட்டர்களும் உண்மையாகக் காட்டவில்லை. இதை நான் மறைக்கவில்லை. ஆனால் இதற்கு விடை பாவனையைக் கைவிடுவதா? உலகம் செய்தது எதிர்மாறு: அந்நிலையைக் காட்டும்படி சிமியுலேட்டர்களைத் திருத்தி, அதிலிருந்து மீளும் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. வேடிக்கை என்னவென்றால், இறக்கை எப்போது கைவிடும் என்பது காற்றை அது சந்திக்கும் கோணத்தைப் பொறுத்தது என்று வூல்ஃப்கேங் லாங்கவீஷ 1944-இலேயே ‘ஸ்டிக் அண்ட் ரடர்’ நூலில் குழந்தைக்குச் சொல்வதுபோல் விளக்கிவிட்டார். சிமியுலேட்டர் ஆர்வலர்கள் போற்றும் நூல் அது. பொறி சொல்லாததைப் புத்தகம் சொல்லும். இரண்டையும் வைத்துக்கொண்டிருப்பவனே மாணவன்.

பணமுள்ள வீட்டுப் பொழுதுபோக்குத்தானே என்பது கடைசி மறுப்பு. ஃபிளைட்கியர் என்ற சிமியுலேட்டர் 1997 முதல் இலவசமாகவே கிடைக்கிறது. பழைய கொம்பியூட்டரிலும் ஏதோ ஒரு பதிப்பு ஓடும். உண்மையான தடை வேறு. எல்லை கடந்து பறக்கும் விமானியும் அவரோடு பேசும் கட்டுப்பாட்டாளரும் ஆங்கில வானொலிப் பேச்சில் நான்காம் நிலைத் தேர்ச்சி காட்ட வேண்டும் என்பது 2008 முதல் சர்வதேச விதி. தமிழ்மொழி மூலம் படிக்கும் தோட்டப்புறப் பிள்ளை இடறும் படி அது. வட்சிம்மில் ஒரு பருவம் கேட்டும் பேசியும் பழகினால் அந்தப் படி தாழும். செலவு இணையக் கட்டணம் மட்டுமே. மற்றது ஏற்கெனவே வகுப்பறையில் இருக்கிறது. நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 இடவிளக்கப்படத்தை விரித்து, சமவுயரக் கோடுகளை எண்ணி, குறுக்குவெட்டு முகம் வரையச் சொல்லும் புவியியல் பாடம் சோதனைப் புள்ளிக்காக மட்டும் கற்பிக்கப்படுகிறது. அதே தாளைத் திரையின் பக்கத்தில் வைத்து, ‘பேராதனைக்கு மேல் வந்துவிட்டாய், கீழே இறங்கலாமா?’ என்று ஆசிரியர் கேட்டால், அந்த வகுப்பிலிருந்து கட்டுப்பாட்டாளரும் வரைபடவியலாளரும் வருவார்கள், எப்போதாவது ஒரு விமானியும் வருவார். உயர்தரத்தில் புவியியல் எடுத்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்கிற பெற்றோருக்கு என் பதில் இதுதான்: 191 பேர் உயிரோடு இருந்திருக்கக்கூடிய வேலை.