பேசாத கணிப்பொறியும் எழுதாத விவரமும்

உறுப்புகளைத் தனித்தனியே வாங்கிக் கணிப்பொறியொன்றைத் தாமே சேர்த்தமைத்துக் கொள்வது இன்று நகரங்களில் புதுமையன்று. செகந்தராபாத்தின் பார்க் லேன் பகுதியிலுள்ள செனாய் டிரேட் சென்டர் இவ்வணிகத்திற்குப் பெயர் பெற்றது. அதற்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருமுல்கேரியில் ராணுவத்தின் மின்னணு, இயந்திரப் பொறியியல் கல்லூரி அமைந்துள்ளது; பழுது பார்ப்பது அங்குப் பாடமாகவே பயிற்றப்படுகிறது. கடையும் கைத்திறனும் இவ்வளவு அருகில் வாய்த்த இடத்தில்கூட ஒரு குறை எழக்கூடும். திரை ஒளிர்கிறது, விசைப்பலகை இயங்குகிறது, இணையத் தொடர்பும் கிடைக்கிறது; ஸ்பீக்கர் மட்டும் மௌனமாயிருக்கிறது. மதர்போர்டைச் செய்தவர் ஆதரிக்காத இயங்குதளத்தை நிறுவுவோர் பலர் இந்நிலையை அறிவர்.

இவ்வாறு நிறுவ வேண்டிய தேவை இப்பொழுது பெருகியுள்ளது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் முடிவுற்றது. விண்டோஸ் 11 கோரும் பிராசசரும் பாதுகாப்புச் சில்லும் பழைய பொறிகள் பலவற்றில் இல்லை. ஆகவே, நல்ல நிலையிலுள்ள பொறியை வீணாக்க விரும்பாதோர் லினக்ஸ் வகை இயங்குதளங்களை நாடுகின்றனர். சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்பதும் இவ்வகையைச் சேர்ந்ததே.

மௌனத்தின் காரணத்தை ஆராய்தல் வேண்டும். இன்டெல் நிறுவனம் 2004-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஹை டெஃபனிஷன் ஆடியோ என்னும் வரையறையையே அதன்பின் வந்த மதர்போர்டுகளில் பெரும்பாலானவை பின்பற்றுகின்றன. அதன்படி, கோடெக் எனப்படும் சில்லு எண்களை ஒலிக்குரிய மின்னலையாகவும், மின்னலையை எண்களாகவும் மாற்றுகிறது. அச்சில்லினின்று பல முனைகள் புறப்படுகின்றன. அவற்றுள் எது பின்புறத்துப் பச்சைத் துளைக்குச் செல்வது, எது முன்புற ஹெட்போனுக்குரியது, எது மைக்கிற்குரியது என்பதையெல்லாம் மதர்போர்டைச் செய்தவரே தீர்மானிக்கிறார். அத்தீர்மானத்தை முனை ஒவ்வொன்றிற்கும் 32 பிட் அளவுள்ள குறிப்பாகப் பதிவதற்கு வரையறை இடம் தந்துள்ளது. துளை அமைந்த இடம், அதன் பயன், அதன் நிறம் ஆகியவையும் அக்குறிப்பில் அடங்கும். பயாஸ் அதனை எழுதிவைத்தல் வேண்டும்; இயங்குதளம் அதனைப் படித்து ஒலியை உரிய வழியில் செலுத்துதல் வேண்டும்.

ஏற்பாடு நன்று, நடைமுறை வேறு. குறிப்புகள் பிழையாகவோ அரைகுறையாகவோ விடப்பட்டு, அப்பிழைக்குரிய திருத்தம் விண்டோஸுக்கான டிரைவரில் மட்டும் வைக்கப்படுவதுண்டு. வேறு இயங்குதளம் அக்குறிப்பை நம்பி, எங்கும் செல்லாத முனைக்கு ஒலியை அனுப்புகிறது. அல்லது ஒலிபெருக்கும் பகுதியை விழிக்கச் செய்யாமலே விட்டுவிடுகிறது. ஊர்ப்பெயர் மாற்றி எழுதப்பட்ட கைகாட்டி மரத்தை நம்பி நடந்தவனின் நிலையே அதனுடையதும். லினக்ஸின் கருநிரலில், இன்ன மதர்போர்டுக்கு இன்ன திருத்தம் என்னும் நீண்ட பட்டியல் இடம்பெற்றிருப்பது இக்குறையின் அளவை உணர்த்தும். பயன்படுத்துவோர் அளித்த விவரங்களால் வளர்ந்த பட்டியல் அது.

எனவே, மௌனமான பொறியில் பெரும்பாலும் இல்லாதது உறுப்பன்று. உறுப்பைப் பற்றிய விவரமே. இதனை யு.எஸ்.பி. ஒலிக்கருவி தெளிவாக மெய்ப்பிக்கிறது. பொதுத் தரத்தைப் பின்பற்றிய சிறிய கருவி ஒன்றைப் பொருத்தியவுடன், அது தன் இயல்பைத் தானே பொறிக்கு அறிவிக்கிறது. தனி டிரைவர் இன்றியே பல இயங்குதளங்களிலும் ஒலிக்கிறது. எளிய கருவி நிறைவேற்றும் கடமையை விலை மிகுந்த மதர்போர்டு நிறைவேற்றவில்லை எனில், குறை விஞ்ஞானத்தினுடையது ஆகாது.

சிலர் தாம் சேர்த்த பொறியில் ஆப்பிளின் மேக் இயங்குதளத்தை நிறுவ முயல்கின்றனர். அங்கும் ஒலியே பெருந்தொல்லை. கோடெக்கின் பெயரைக் கண்டறிந்து, அதற்கெனப் பிறர் தொகுத்த அமைப்பெண்களை ஒவ்வொன்றாக இட்டுப் பார்க்கின்றனர். அவர்களுடைய விடாமுயற்சி பாராட்டத் தக்கதே. எனினும் பள்ளிகளுக்கு அவ்வழி ஏற்றதன்று. அந்த இயங்குதளத்தின் உரிமம் ஆப்பிள் பெயர் தாங்கிய பொறிகளுக்கு மட்டுமே உரியது. அதனை வேறு பொறிகளில் நிறுவி விற்ற சைஸ்டார் நிறுவனத்திற்கு எதிராக அமெரிக்க நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்தது. அன்றியும், 2025-இல் வெளிவந்த 26-ஆம் பதிப்பே இன்டெல் பொறிகளுக்கான இறுதிப் பதிப்பு என ஆப்பிள் அறிவித்துள்ளது. லினக்ஸிலோ, ஒருவர் கண்ட திருத்தம் கருநிரலில் சேர்ந்தபின் அனைவர்க்கும் உரியதாகிறது. உழைப்பு ஒன்றாயினும் பயன் வேறாகிறது.

ஒலி ஒரு பொழுதுபோக்கு வசதி எனக் கருதுவோர் உளர். அக்கருத்து பொருந்தாது. மொழிப் பாடத்தில் உச்சரிப்பைக் கேட்டுப் பயில்வதற்கு ஒலி வேண்டும். பார்வையற்ற மாணவர்க்கோ ஒலியே திரை. லினக்ஸில் இயங்கும் ஆர்க்கா, விண்டோஸில் இயங்கும் என்.வி.டி.ஏ. ஆகிய திரைவாசிப்பு நிரல்கள் எவர்க்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஈஸ்பீக் என்னும் பேச்சு நிரல் தமிழையும் வாசிக்கிறது. இவ்வளவும் இருந்தும் கோடெக் மௌனமாயிருப்பின், அம்மாணவர் முன்னுள்ளது வெறும் பெட்டியே. குறையைத் தாமே கண்டறிந்து நீக்கவும் அவரால் இயலாது. அதற்கு வழிகாட்ட வேண்டிய குரலே அங்கு இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறும் அணுகுதல் என்னும் சொல், இந்தச் சிறு துளையில் ஒலி வருகிறதா என்பதையும் பொறுத்ததாகும்.

சிறு கருவியொன்றை வாங்கினால் தீரும் குறைக்கு இத்துணை வாதம் எதற்கு என வினவலாம். ஒருவரின் ஒரு பொறிக்கு அது தக்க பரிகாரமே. ஆனால், ஆய்வகத்திலுள்ள பொறி ஒவ்வொன்றுக்கும் அவ்வாறே வாங்க நேரின், ஒருமுறை விலை கொடுத்த உறுப்புக்கு மறுமுறையும் விலை கொடுத்ததாகும். உற்பத்தியாளர் எழுதாமல் விட்டதன் செலவு பள்ளியின் தலையில் விழுகிறது. எல்லா இயங்குதளங்களையும் சோதிக்க எங்களால் இயலாது என உற்பத்தியாளர் கூறுவதிலும் ஓரளவு நியாயமுண்டு. சோதனை முழுவதையும் அவரிடம் எவரும் கோரவில்லை. தாம் அமைத்த இணைப்புகளைப் பிழையின்றிக் குறித்து வெளியிடுவதையே கோருகின்றனர். அதனைச் சோதித்துப் பயன்கொள்ளப் பிறர் உளர்.

களப்பணியாளரும் ஆசிரியரும் பொறி பழுது என முடிவு செய்யுமுன் சிலவற்றை முறையாகப் பார்த்தல் நலம். ஒலியின் அளவு குறைக்கப்பட்டோ அடைக்கப்பட்டோ உள்ளதா எனக் காண வேண்டும். பயாஸில் ஒலிப்பகுதி நிறுத்தப்பட்டிருக்கலாம். ஹெச்.டி.எம்.ஐ. வழியும் ஓர் ஒலிவழியாதலால், ஸ்பீக்கர் இல்லாத திரைக்கு ஒலி அனுப்பப்பட்டுக்கொண்டிருக்கலாம். பெட்டியின் முன்புறத் துளைகளுக்குரிய கம்பி மதர்போர்டில் பொருத்தப்படாமலும் இருக்கலாம். இவை யாவும் சரியெனில், ஹெட்போனைத் துளை ஒவ்வொன்றிலும் மாற்றிப் பொருத்திக் கேட்டல் வேண்டும். பின்னர், மதர்போர்டின் பெயர், கோடெக்கின் எண், ஒலித்த துளை, பலனளித்த திருத்தம் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி வைப்பது இன்றியமையாதது. ஒருவர் ஒரு நாள் முழுதும் தேடிக் கண்டது எழுதப்படாவிடில், அடுத்த பள்ளியில் மற்றொருவர் அந்நாளை மீண்டும் இழப்பார்.

இப்பொறுப்பு பணியாளரோடு முடிவதன்று. அரசு அலுவலகங்களில் திறந்த மூலநிரல்களை ஏற்பதற்கான கொள்கையை மத்திய அரசு 2015-ஆம் ஆண்டிலேயே வகுத்துள்ளது. அதற்கிணங்க, பள்ளிகளுக்குக் கணிப்பொறி வாங்கும் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை சேர்க்கப்படுதல் வேண்டும்: திறந்த இயங்குதளம் ஒன்றில் ஒவ்வொரு துளையும் ஒலிப்பதையும், மைக் ஒலியை ஏற்பதையும் காட்டிய பின்னரே பொறி ஏற்றுக்கொள்ளப்படும் என்பதே அது. சோதனைக்குச் சில நிமிடங்களே ஆகும். வாங்கும் நாளில் அச்சில நிமிடங்களைச் செலவிட மறுப்பின், அதன் விலையை மௌனமான பொறியின் முன் அமரும் மாணவரே செலுத்த நேரும்.