கயாக்கில் மோட்டார் மாட்டப் போறீங்களா? முதல்ல பேட்டரி கணக்கு போடுங்க!

வாழப்பாடியில் இருக்கும் நண்பர் ஒருவர் ஆன்லைனில் கயாக் வாங்கியிருக்கிறார். துடுப்பு போட்டு தோள் வலிக்குதாம். "எலக்ட்ரிக் மோட்டார் மாட்டிடலாமா?"ன்னு கேட்டார். தாராளமா மாட்டலாம். ஆனா எல்லாரும் மோட்டார் விலையைத்தான் பார்க்கிறாங்க. பார்க்க வேண்டியது பேட்டரியை.

இதுக்கு டிரோலிங் மோட்டார்னு பேர். 1934-ல் அமெரிக்காவின் ஃபார்கோ நகரில் ஓ.ஜி. ஷ்மிட் என்பவர், ஃபோர்டு காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரை வைத்து உருவாக்கியது. (நம்ம மேட்டூர் அணை திறந்ததும் அதே வருஷம்தான்!) தூண்டில் போடுபவர்கள் சத்தமில்லாமல், மெதுவாக நகர்வதற்கான கருவி இது. ஸ்பீடு போட்டாக மாறும்னு நினைச்சா ஏமாற்றம்தான்.

ஒரு ஆள் போகும் கயாக்குக்கு 30 பவுண்டு இழுவிசை தாராளம். அது முழு வேகத்தில் சுமார் 30 ஆம்பியர் கரன்ட் இழுக்கும். 50 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி என்றால் ஒன்றரை மணி நேரம் வரும். பாதி வேகத்தில் ஓட்டினால் அதில் கால்வாசி கரன்ட்கூட தேவைப்படாது, பல மணி நேரம் தாங்கும். வேகத்தைக் கொஞ்சம் கூட்டினாலே தண்ணீரின் எதிர்ப்பு பல மடங்கு ஏறுவதுதான் காரணம்.

"வீட்ல இன்வெர்ட்டர் பேட்டரி சும்மாதானே கிடக்கு?" என்றார் நண்பர். வேண்டவே வேண்டாம். அது 50 கிலோவுக்கு மேல வரும். படகு சாய்ந்தால் ஆசிட் கொட்டும். லித்தியத்தில் 50 ஆம்பியர்-ஹவர் ஏழெட்டு கிலோவுக்குள் முடிந்துவிடும், விலைதான் கடிக்கும். மோட்டார் பின்பக்கம் இருப்பதால் பேட்டரியை முன்னால் வையுங்க. பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ் கட்டாயம்.

என் பயம் வேற. துடுப்பு போடும்போது கை வலித்தால் நீங்களே திரும்பிடுவீங்க. மோட்டாருக்கு வலிக்காது. போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும், சுகமா இருக்கும். திரும்பும்போது அதே ஆடிக்காத்து முகத்துல அடிக்கும், சார்ஜும் பாதிதான் மிச்சம் இருக்கும். அதனால மூன்றில் ஒரு பங்கு சார்ஜ் தீர்ந்ததும் திரும்பிடணும். லைஃப் ஜாக்கெட், துடுப்பு ரெண்டும் எப்பவும் கூடவே இருக்கட்டும்.

சட்டமும் இருக்கு. இயந்திர விசையில் ஓடும் படகுகளைப் பதிவு செய்யச் சொல்கிறது 2021-ன் உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம். பக்கத்தில் இருக்கும் ஆனைமடுவு அணையில் இறக்கணும்னா, முதல்ல நீர்வளத் துறையிடம் கேட்கணும். நண்பர் இன்னும் கேட்கலை. மோட்டாரை மட்டும் கார்ட்டில் போட்டு வச்சிருக்கார்.