கல்வராயன் மலையும் நீர்க் கணக்கும்

வரவறியாது செலவு செய்யுங் குடும்பம் நெடுநாள் நில்லாது என்பதை உலகம் நன்கறியும். பொன்னுக்கும் நெல்லுக்கும் கணக்கெழுதும் நாம், அவ்விரண்டிற்கும் மூலமாகிய நீருக்கும் மண்ணுக்கும் கணக்கெழுதக் கற்றோமில்லை. கிணற்றில் நீர் உள்ளவரை இறைக்கின்றோம். வற்றியவிடத்து இன்னும் ஆழமாகத் துளைக்கின்றோம். மேல்மண் மழையோடு கரைந்து செல்வதைக் கண்டும் காணாதவர்போல் இருக்கின்றோம். இக்காலத்தில் ஆகாயத்தினின்று பூமியை நோக்குங் கருவிகளும், பூமிக்குள் மின்சாரஞ் செலுத்தி அதன் உள்ளியல்பை ஆராயுங் கருவிகளும் நமக்குக் கிடைத்துள்ளன. முன்னதைத் தொலையுணர்வு என்றும், பின்னதைப் பூபௌதிகம் என்றும் வழங்குவர். இவை நீரைத் தேடி எடுப்பதற்கு மட்டுமன்று, நீரையும் மண்ணையும் காவல் செய்வதற்கே முதன்மையாகப் பயன்படல் வேண்டுமென்பது எமது துணிபு. கள்ளக்குறிச்சிச் சீமையையும் அதன் மேற்கே நிமிர்ந்து நிற்குங் கல்வராயன் மலையையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குவாம்.

கள்ளக்குறிச்சி, விழுப்புரம் மாவட்டத்தினின்றும் பிரிக்கப்பெற்று 2019-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 26-ஆம் நாள் தனி மாவட்டமாயிற்று. கிழக்குத் தொடர்ச்சி மலைகளுள் ஒன்றாகிய கல்வராயன், சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இருபாற்படும். கோமுகி, மணிமுக்தா ஆகிய ஆறுகள் இம்மலைப் பக்கத்திற் பிறந்து கிழக்கு நோக்கி யோடி, முடிவில் வெள்ளாற்றைச் சேர்கின்றன. கச்சிராயபாளையத்தினருகே 1960-களிற் கட்டப்பெற்ற கோமுகி அணையின் முழுக்கொள் மட்டம் 46 அடி. மணிமுக்தாவின் குறுக்கும் ஓர் அணையுண்டு. வடக்கே தென்பெண்ணை யோடுகின்றது. இத்துணை ஆறுகள் இருந்தும், இவை யாண்டு முழுதும் பெருகுவன அல்ல. மழைக்காலத்துப் பொங்கிக் கோடையில் மணலாய்க் கிடப்பன. ஆதலின் கரும்பும் நெல்லும் மரவள்ளியும் மக்காச்சோளமும் பயிரிடுங் குடியானவர் பெரிதும் நம்பியிருப்பது நிலத்தடி நீரையே.

அந்நிலத்தடியோ கருங்கல். கல்வராயனிற் பெரும்பான்மையாகவுள்ள பாறைக்குச் சார்னகைட் என்று பெயர். கல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னக் என்பாரது கல்லறையின் கல்லை ஆராய்ந்து, 1893-ஆம் ஆண்டில் ஹாலந்து என்னும் அறிஞர் இப்பெயரிட்டனர். அக்கல்லறைக் கல் சென்னைப் பக்கத்தினின்று சென்றது என்பர். இத்தகைய பாறைக்கு மணலைப்போல் நீரை உறிஞ்சும் இயல்பு இல்லை. வெயிலாலும் மழையாலும் சிதைந்த மேற்பகுதியிலும், ஆங்காங்கு ஓடும் வெடிப்புக்களிலுமே நீர் தங்கும். ஆழஞ் செல்லச்செல்ல வெடிப்புக்கள் குறுகி மூடுண்டு போகும். பாதாளத்திலே வற்றாத கங்கை ஓடுகின்றதென நம் மக்கள் கொண்ட நம்பிக்கை இந்நிலத்திற்குப் பொருந்தாது. ஆயிரம் அடி துளைத்தும் புழுதியே கண்டு, கடனோடு வீடு திரும்பிய குடியானவர் நம் கிராமங்களில் ஒருவரிருவர் அல்லர்.

நீரிருக்கும் இடத்தை முன்னறியும் முயற்சி நம் நாட்டிற் புதியதன்று. ஆறாம் நூற்றாண்டினராகிய வராகமிகிரர் தமது பிருகத் சம்ஹிதையிலே, மரங்களையும் புற்றுக்களையும் மண்ணின் நிறத்தையுங்கொண்டு நீர்நிலை யறியும் முறையை ஒரு தனி அத்தியாயமாக வகுத்துள்ளார். வேரூன்றிய மரம் நீரைக் காட்டுமென்பதில் நியாயமுண்டு. ஆனால் தேங்காயைக் கையில் வைத்தும் கவட்டைக் குச்சியை ஏந்தியும் நீரோட்டம் பார்ப்பதற்கு, பரீட்சித்து நிலைநாட்டப்பெற்ற ஆதாரம் யாதுமில்லை.

பூபௌதிகத்தார் செய்வது யாதெனின், நான்கு உலோக முளைகளை ஒரே வரிசையில் நிலத்தில் அறைந்து, புறத்தேயுள்ள இரண்டின் வழியே மின்சாரஞ் செலுத்தி, அகத்தேயுள்ள இரண்டிற்கும் இடையே தோன்றும் மின்னழுத்தத்தை அளப்பர். முளைகளின் இடைவெளியை விரிக்க விரிக்க மின்சாரம் ஆழ்ந்து செல்லும். சிதைவுறாத பாறை மின்சாரத்தைப் பெரிதும் தடுக்கும்; அதன் தடை ஆயிரம் ஓம்-மீட்டரையும் மிஞ்சும். நீர் ஊறிய சிதைந்த பாறையின் தடை சில பத்துக்களிலிருந்து சில நூறுகளுக்குள் அடங்கும். 1910-களில் பிரான்சு தேசத்துச் சுலும்பர்கரும் அமெரிக்க தேசத்து வென்னரும் வகுத்த இம்முறைகள் இன்றளவும் வழங்குகின்றன. எனினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். களிமண்ணும் உவர்நீரும் மின்சாரத்தை எளிதிற் செலுத்துவனவே. ஆகவே தடை குறைந்தவிடமெல்லாம் நன்னீர் உளதென்று கூறுவோர் கருவியின் மொழியை யறியாதவரேயாவர்.

தொலையுணர்விற்கும் நம் நாட்டில் நல்லதொரு வரலாறுண்டு. 1970-ஆம் ஆண்டில் பிஷாரடி என்னும் பௌதிக அறிஞர் கேரளத்தில் ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் படம் பிடித்து, தென்னையின் வாடல் நோயைக் கண்டறிய முயன்றனர். 1988-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 17-ஆம் நாள் ஐ. ஆர். எஸ்-1ஏ என்னும் இந்தியச் செயற்கைக்கோள் விண்ணிற் செலுத்தப்பெற்றது. செழித்த இலை சிவப்பொளியை விழுங்கி, கண்ணுக்குப் புலனாகாத அண்மை அகச்சிவப்பொளியைத் திருப்பியனுப்பும். வாடிய இலை அவ்வாறு செய்யாது. இவ்வேறுபாட்டைக்கொண்டு பயிரின் நலத்தை அறியலாம். மேகம் மறைக்குங் காலத்து ராடார் துணைசெய்யும். ஈரமண் ராடார் அலையை உலர்ந்த மண்ணினும் மிகுதியாகத் திருப்புதலின், மேல்மண்ணின் ஈரம் ஒருவாறு புலனாகும். இந்தியரும் அமெரிக்கரும் கூடிச் சமைத்த நிசார் என்னும் ராடார்க் கோள் 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 30-ஆம் நாள் சிறீஹரிக்கோட்டாவிலிருந்து ஏவப்பெற்றது.

இனி எமது வழக்கிற்கு வருவாம். இக்கருவிகளைப்பற்றிப் பேசுவோருட் பலர், “இனி நீரிருக்கும் இடத்தைத் தப்பாது கண்டு துளைக்கலாம்” என்று மகிழ்கின்றனர். இம்மகிழ்ச்சியில் ஓர் ஆபத்து மறைந்துளது. பாறையின் வெடிப்பு ஒன்றே; அதனைத் தொடுங் குழாய்களோ பத்து. பதினோராவது குழாயைக் கருவி செவ்வனே காட்டிக்கொடுக்குமாயின், அது புதுநீரைத் தந்ததாகாது. பக்கத்து வயலின் நீரைப் பங்கிட்டதேயாகும். நீரின் வரவு மழையால் வரையறுக்கப்பட்டிருக்க, எடுக்குந் திறமையை மட்டும் பெருக்குதல், களஞ்சியத்திற்கு வாயில்களை மிகுவித்தலை யொக்கும். உழவர் பம்புகளுக்கு மின்சாரம் இலவசமாக வழங்கப்படுதலின், எவ்வளவு இறைத்தோம் என்பதை யறிவிக்க மின்கட்டணச் சீட்டும் இல்லை. ஆகவே தேடுதலினும் கண்காணித்தலே முற்படல் வேண்டும்.

கண்காணிக்கற்பாலன யாவை? முதலாவது, அணை. மலைச்சரிவின் மண் அணையிற் படிந்து அதன் கொள்ளளவைக் குறைப்பதை ஆகாயத்திலிருந்தே மதிப்பிடலாம். அணையின் நீர்மட்டம் வெவ்வேறாக இருக்கும் நாட்களில் நீர்ப்பரப்பைப் படத்தில் அளந்து, கட்டியகாலத்து அளவோடு ஒப்பிடின், அதே மட்டத்திற் பரப்புச் சுருங்கியிருத்தல் வண்டல் படிந்தமைக்குச் சான்றாம். இரண்டாவது, மலைச்சரிவு. எங்கே மரப்போர்வை மெலிந்தது, எந்த ஓடை அகன்றது என்பவற்றை ஆண்டுதோறும் காணலாம். மூன்றாவது, பயிர். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் அமைந்த இச்சீமையிற் கரும்பின் பரப்பு எவ்வளவு என்பது நீர்ச்செலவின் பெரும்பகுதியைக் காட்டிவிடும். நான்காவது, கிணறு. இதனை ஆகாயத்திலிருந்து காண வியலாது.

இந்நான்காவதே முதன்மையானதென்பதற்கு ஒரு சான்று கூறுவாம். 2002-ஆம் ஆண்டில் ஏவப்பெற்ற கிரேஸ் என்னும் இரட்டைக் கோள்கள், பூமியின் ஈர்ப்பிலுண்டாகும் நுண்ணிய மாற்றத்தைக்கொண்டு நிலத்தடி நீரின் குறைவையே அளந்தன. இராஜஸ்தானம், பஞ்சாபு, அரியானா முதலிய வடமேற்குப் பகுதிகளில் 2002 முதல் 2008 வரை 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் குறைந்ததென்று 2009-இல் அறிஞர் வெளியிட்ட செய்தி உலகையே திடுக்கிடச் செய்தது. ஆனால் அக்கோள்களின் பார்வை சில நூறு கிலோமீட்டர்ப் பரப்பிற்குக் குறைந்த எதனையும் பிரித்தறிய மாட்டாது. அவ்வளவு பெரிய கண்ணுக்குக் கள்ளக்குறிச்சி ஒரு புள்ளியுமாகாது. 2010-ஐ அடுத்த ஆண்டுகளில் மத்திய நிலத்தடிநீர் வாரியத்தாரும் ஹைதராபாத்திலுள்ள தேசிய பூபௌதிக ஆராய்ச்சி நிலையத்தாரும் ஆறிடங்களில் ஹெலிகாப்டரிற் கருவியைத் தொங்கவிட்டு நிலத்தின் உட்பகுதியை ஆராய்ந்தனர். அவற்றுள் ஒன்று கடலூர்ப் பக்கத்துக் கீழ்வெள்ளாற்றுப் பகுதி. கோமுகியும் மணிமுக்தாவும் சேருகின்ற அதே வெள்ளாறு. கீழ்க்கரைக்குச் செய்தது மேல்மலைக்கும் வேண்டுமன்றோ? எனினும் அத்தகைய ஆராய்ச்சி பாத்திரத்தின் வடிவைக் காட்டுமேயன்றி, இன்று அதில் நீர் எவ்வளவு என்பதைக் காட்டாது. அதற்குக் கிணற்றருகே ஒருவர் நின்று அளத்தல் வேண்டும்.

“இவையெல்லாம் பெருஞ்செலவு, ஏழை நாட்டிற்கு ஏலாது” என்பர் சிலர். செயற்கைக்கோட் படங்களுட் பல இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. பயனின்றித் துளைக்கப்பட்ட குழாய்களின் செலவைக் கூட்டிப் பார்ப்போமாயின் எது பெருஞ்செலவு என்பது விளங்கும். வேறொரு தடை இதனினும் கனமானது. ஆகாயப் படத்தில் ஒரு சரிவு வெறுமையாகத் தோன்றினால், அங்கு வாழும் மலைவாசிகளே காட்டை அழித்தனர் எனப் பழிசுமத்தப்படுமோ என்னும் அச்சம். இவ்வச்சம் நியாயமானதே. படம் மண் இழிந்ததைக் காட்டும். இழிந்த காரணத்தைக் காட்டாது. பாதை வெட்டியதோ, மரம் கடத்தியதோ, பெருமழையோ, உழவோ என்பதை அவ்விடத்திற் சென்று, அங்குள்ள மலையாளிக் குடிகளைக் கேட்டே தெளிதல் வேண்டும். மலையிற் பெய்யும் மழையால் சமவெளி வாழ்கின்றது. ஆதலின் மலைச்சரிவிற் கல்வரப்பு இடுதற்கும் மரம் வளர்த்தற்கும் ஆகுஞ் செலவிற் சமவெளியாரும் பங்கேற்றலே முறை. கண்காணிப்பு என்பது எளியோர்மேல் வைக்கும் காவலாகாது, எல்லார்க்கும் பொதுவான கணக்காதல் வேண்டும்.

இப்பொழுதும் கணக்கு முற்றிலும் இல்லாமலில்லை. அரசாங்கத்தார் குறுவட்டந்தோறும் நிலத்தடி நீரின் வரவையும் எடுப்பையும் மதிப்பிடுகின்றனர். எடுப்பு வரவில் 70 சதவீதத்தை மிஞ்சாவிடின் பாதுகாப்பானதென்றும், 100 சதவீதத்தை மிஞ்சின் அளவு மீறியதென்றும் வகுக்கின்றனர். ஆனால் அவ்வறிக்கை, குழாய் துளைக்கப்போகின்ற குடியானவரின் கையில் அவர் படிக்குந் தமிழில் எட்டுவது அரிது. ஊர்ச்சாவடிச் சுவரில், இவ்வூரில் இவ்வாண்டு பெய்த மழை இவ்வளவு, கிணற்று மட்டம் இவ்வளவு, சென்ற ஆண்டு இவ்வளவு என்று மூன்று வரிகள் எழுதப்பட்டிருக்குமாயின், கிராம சபை பேசவேண்டியதைத் தானே பேசும். எந்த வயலிற் கரும்பு, எந்த வயலிற் சிறுதானியம் என்பதை அதிகாரிகள் விதிப்பதினும், ஊரார் கணக்கறிந்து முடிவு செய்தலே நிலைபேறுடையது.

இவ்விடத்துத்தான் மாணவ நண்பர்களுக்கு வேலையுளது. உங்களுட் பலர் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். ஓர் அளவுநாடாவும் அதன் நுனியிற் கட்டிய ஈயக் குண்டும் போதும். ஊரில் ஒரு திறந்த கிணற்றைத் தெரிந்துகொண்டு, மாதந்தோறும் குறித்த நாளில், காலையிற் பம்பு ஓடுமுன்னர், கிணற்று விளிம்பிலிருந்து நீர்மட்டம் எத்துணை ஆழம் என்பதை அளந்தெழுதுங்கள். ஆண்டிற்குப் பன்னிரண்டு எண்கள். ஓராண்டின் எண்கள் அற்பமாகத் தோன்றும். ஐந்தாண்டின் எண்கள் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் நீர் ஏறியிறங்குவதைக் காட்டும். பத்தாண்டின் எண்கள் ஊரின் தலைவிதியையே கூறும். பௌதிக வகுப்பார் மின்தடை அளக்குங் கருவியைத் தாமே சமைக்கலாம். பூகோள வகுப்பார் ஆகாயப் படங்களைப் படிக்கலாம். தமிழ் வகுப்பார் இவ்விரு சாராரும் கண்டதை ஊரார்க்கு விளங்கும் நடையில் எழுதலாம். பழைய மாணவருட் பஞ்சாயத்திலும் பள்ளிகளிலும் பணிபுரிவோர், அளந்த எண்களைப் பாதுகாக்கும் பொறுப்பை ஏற்கலாம்.

ஆகாயத்துக் கோள் ஆயிரங் காதத்தைக் காண்கின்றது. மண்ணிலறைந்த முளை நூறடி ஆழத்தை யறிகின்றது. நாடாப் பிடித்த மாணவன் ஒரே கிணற்றைக் காண்கின்றான். இம்மூன்றுங் கூடினாலன்றி உண்மை முழுமையாகாது. முதலிரண்டும் வல்லுநர் கையில் உள்ளன. மூன்றாவது நம் கையில் உளது. வருகின்ற ஐப்பசி மழைக்கு முன்னரே முதல் எண்ணை எழுதிவிடுங்கள்.