பழைய மவுண்டன் சைக்கிளுக்கு ஒரு வளைந்த ஹாண்டில்

2022இல் பெற்றோல் இல்லாமல் போனபோது யாழ்ப்பாணத்தில் வீட்டுக் கோடிகளில் சாத்திக் கிடந்த சைக்கிள்கள் எல்லாம் வெளியே வந்தன. சைக்கிள் கடைகளில் ரியூப் ஒட்ட வரிசை நின்றது. கம்பஸுக்கும் கச்சேரிக்கும் கல்யாண வீட்டுக்கும் சனம் சைக்கிளில் போனது. பிறகு கியூஆர் கோட் வந்தது, பெற்றோலும் வந்தது, சைக்கிள்கள் திரும்பக் கோடிக்குப் போய்விட்டன.

அப்படித் திரும்பிப் போன ஒன்றைத்தான் நாங்கள் மூன்று பேர் போன வருசம் வெளியே எடுத்தோம். எங்களில் ஒருத்தியின்ர அண்ணா ஓடின பழைய மவுண்டன் சைக்கிள். யப்பானில் பாவித்து இங்கே வந்தது. இரும்புச் சட்டம், ஸ்பிரிங் இல்லாத ஃபோர்க், மூன்று பல்லுச் சில்லு. அதற்கு ரேஸ் சைக்கிளுக்கு இருக்கிற மாதிரி வளைந்த ஹாண்டில் போட்டு, நெடுந்தூரம் ஓடக்கூடியதாக மாற்றினோம். பார்க்கிற ஆட்கள் முதலில் கேட்பது, "உது தேவையோ?" என்பதுதான். தேவைதான் என்று சொல்லவே இதை எழுதுகிறோம்.

யாழ்ப்பாணத்தில் மலை இல்லை. எங்களுக்கு மலை என்றால் காற்றுத்தான். சோளகம் வீசுகிற மாதங்களில் பண்ணைப் பாலம் தாண்டி வேலணை, புங்குடுதீவு, குறிகாட்டுவான் என்று ஓடிப் பாருங்கள். இரண்டு பக்கமும் கடல், மறைவுக்கு ஒரு பனை கூட இல்லை. நேரான ஹாண்டிலைப் பிடித்து நிமிர்ந்து இருந்தால் நெஞ்சே பாய்மரம் ஆகிவிடும். வளைந்த ஹாண்டிலில் கீழே பிடித்துக் குனியலாம், களைத்தால் மேலே பிடித்து நிமிரலாம். பிடியை மாற்றி மாற்றி ஓடினால் கையும் விறைக்காது.

பழைய மவுண்டன் சைக்கிள் இதற்கு நல்லாப் பொருந்தும். பின்பக்கம் நீளம் என்பதால் கரியலில் பை கட்டினாலும் குதி முட்டாது. சின்னப் பல்லுச் சில்லு இருப்பதால் எதிர்காற்றிலும் பாரத்தோடும் மிதிக்கலாம். ஆனால் நினைத்த மாதிரி இலகுவான வேலை இல்லை. நாங்கள் விட்ட பிழைகளைச் சொன்னால் உங்களுக்குக் காசு மிச்சம்.

முதல் பிழை ரயர். முள்ளு ரயரைக் கழற்றி வழுவழுப்பான ரயர் போட நினைத்து, '26' என்று கேட்டு வாங்கி வந்தோம். ஏறவே இல்லை. சாதாரண சைக்கிளின் 26 × 1 3/8 ரயர் 590 மில்லிமீற்றர் ரிம்முக்கு உரியது. மவுண்டன் சைக்கிளின் 26 × 1.75 ரயர் 559 மில்லிமீற்றர் ரிம்முக்கு. இரண்டும் 26தான், ஆனால் ஒன்று மற்றதுக்குப் பொருந்தாது. புள்ளி போட்டு எழுதினதைக் கேட்டு வாங்குங்கோ.

இரண்டாவது பிழை பிறேக். இதுதான் ஆபத்தானது. வீ பிறேக்குக்குக் கேபிள் நிறைய இழுபட வேண்டும். ரேஸ் ஹாண்டிலின் பழைய பிறேக் பிடி கொஞ்சம்தான் இழுக்கும். இது தெரியாமல் இரண்டையும் சேர்த்துப் பூட்டினோம். ஒழுங்கைக்குள்ள ஓடிப் பார்க்கும்போது பிடி ஹாண்டிலில் போய் முட்டியது, சைக்கிள் நிற்கவில்லை. நல்ல காலம், மதில்தான் இருந்தது, வாகனம் இல்லை.

அடுத்த நாள் சந்திச் சைக்கிள் கடைக்கு உருட்டிக்கொண்டு போனோம். கடைக்கார ஐயா பிடியை ஒருக்கா அமத்திப் பார்த்துவிட்டு, "தம்பியவை, உதுக்கு முந்தின பிறேக்கெல்லோ வேணும்" என்று சொல்லி, பழைய சாமான் பெட்டிக்குள் கையை விட்டார். வீ பிறேக் வர முதல் மவுண்டன் சைக்கிள்களில் இருந்த கன்றிலீவர் பிறேக் இரண்டு சோடி வந்தது. கேபிளைத் தாங்க முன்னுக்கும் பின்னுக்கும் கொளுவி வைத்து, அரை மணித்தியாலத்தில் பூட்டித் தந்தார். நாங்கள் ஒரு கிழமையாக யூரியூப் பார்த்துக் குழம்பிய விசயம் அது.

மூன்றாவது நீளம். மவுண்டன் சட்டம் ஏற்கெனவே நீளம். வளைந்த ஹாண்டிலோ பிடியை இன்னும் முன்னுக்குக் கொண்டுபோகும். கட்டையான, உயரமான ஸ்டெம் போட்ட பிறகுதான் முதுகு நோகாமல் ஓட முடிந்தது. உங்கள் அளவை விடக் கொஞ்சம் சின்னச் சட்டம் கிடைத்தால் அதை எடுங்கள். ஹாண்டில் ஸ்டெம்முக்குள் ஆடினால் தகரம் வெட்டிச் செருகி ஓட வேண்டாம், சரியான ஸ்டெம் தேடுங்கள்.

எல்லாம் முடிந்தபோது சைக்கிளுக்குச் சொந்தக்காரியின் அம்மா வாசலில் நின்று கேட்டா: "பொம்பிளைப் பிள்ளை உதில குனிஞ்சுகொண்டு ரோட்டால போகப்போறியே?"

"நிமிர்ந்து போனால் காத்து அடிக்குமம்மா."

அம்மா சிரிக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து வேறு கதை சொன்னா. 1995 ஒக்ரோபர் 30 இரவு, வலிகாமத்துச் சனம் எல்லாம் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போனபோது, அம்மம்மாவைக் கரியலில் இருத்தி விடியும்வரை சைக்கிளை உருட்டினது அம்மாதான். அதற்கு முந்தின வருசங்களிலும் பொருளாதாரத் தடைக்குள் அரிசி, விறகு, நோயாளி எல்லாம் சைக்கிளில்தான். "எங்களுக்குச் சைக்கிள் ஓடி அலுத்துப்போச்சு பிள்ளை. நீங்கள் ஏன் ஓடோணும்?"

அந்தக் கேள்விக்கு எங்களிடம் உடனே பதில் இருக்கவில்லை. எங்கள் வீடுகளில் மோட்டார் சைக்கிளும் ஸ்கூட்டியும் வெறும் வாகனங்கள் இல்லை, கஷ்டம் முடிந்தது என்பதற்கான அத்தாட்சி. பெண் பிள்ளைகள் ஏ.எல். மட்டும் சைக்கிள், பிறகு ஸ்கூட்டி என்று மாறுவதற்கும் அதுதான் பாதிக் காரணம். மிச்சப் பாதி சனத்தின்ர வாய். அம்மாவை நாங்கள் குறை சொல்லவில்லை.

ஆனால் தடை, இடப்பெயர்வு, பெற்றோல் தட்டுப்பாடு என்று வேறு வழி இல்லாதபோது மட்டும் சைக்கிளை எடுத்தால், அது எப்போதும் கஷ்டத்தின் வாகனமாகவே இருக்கும். பெற்றோல் இருக்கிற நாளிலும், ஸ்கூட்டி வாசலில் நிற்கும்போதும், ஓட விருப்பம் என்று எடுத்து ஓடுகிறவர்கள் வேண்டும். எங்கட ஹாண்டில் மாற்றத்துக்கு அவ்வளவுதான் அர்த்தம். அந்தச் சைக்கிளைப் பார்த்து, வழியில்லாமல் ஓடுகிறார்கள் என்று ஆரும் சொல்ல முடியாது.

புதுச் சைக்கிள் வாங்கலாமே என்று சில நண்பர்கள் கேட்டார்கள். காசு இருந்தால் வாங்குங்கள். ஆனால் பிறேக் பிடியை ஒருக்கா அமத்திப் பார்த்தே பிழையைச் சொன்ன கை, சந்திக் கடையில்தான் இருக்கிறது. அந்தக் கடையில் இப்போது பாதி நேரம் மோட்டார் சைக்கிளுக்குக் காற்றடிப்புத்தான். நாங்கள் வேலை கொண்டுபோகாவிட்டால் அந்தப் பழைய சாமான் பெட்டி இரும்புக் கடைக்குப் போய்விடும்.

போன சோளகத்தில் குறிகாட்டுவான் வரை ஓடினோம். போகும்போது காற்று முகத்தில், வரும்போது முதுகில். அம்மா இப்பவும் முழுச் சம்மதம் இல்லை. ஆனால் வந்தவுடன், "எவ்வளவு நேரம் எடுத்தது?" என்று கேட்டா. அவவின்ர காலத்தில் புங்குடுதீவுக்கு ஓடின கணக்கு அவவுக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.

உங்கட கோடிக்குள்ளயும் ஒன்று கிடக்கும். காற்றடித்துப் பாருங்கோ.