அலமாரி மறைப்பாக இருக்கட்டும், சுவராக வேண்டாம்!



நம் வீடுகளில் ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. கட்டம் கட்டமாக இருக்கும் அலமாரிகளை வாங்கி, நாமே திருகாணி முடுக்கிச் சேர்த்து, சுவரோரம் வைக்காமல் கூடத்தின் நடுவே நிறுத்திவிடுகிறோம். ஒரே கூடம் இரண்டு அறையாகிவிடுகிறது. அந்தப் பக்கம் டி.வி., இந்தப் பக்கம் படுக்கை. துணிமணியும் புத்தகமும் சட்டிபானையும் கட்டங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. லயத்தில் இருப்பவர்கள் மட்டுமல்ல, தோட்டத்தை விட்டு மலிவு விலை அடுக்குமாடிக்குப் போய்விட்ட நம் உறவுகளும் இதையே செய்கிறார்கள்.

"இது சாமான் வாங்குற சங்கதி. ஒடம்புக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். நிறையவே சம்பந்தம் உண்டு. ஆகவேதான் இந்தப் பகுதியில் இதைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்றார்கள் நம் பெரியவர்கள். பெரிசான பெண்பிள்ளை துணி மாற்ற ஓர் இடம் வேண்டாமா? பரீட்சைக்குப் படிக்கும் பையனுக்கு ஒரு மூலை வேண்டாமா? விடியுமுன் எழுந்து வேலைக்குப் போகிறவர் எட்டு மணிக்கே கண்ணயர வேண்டாமா? "எங்க காலத்துல பத்துப் பேரு ஒரே கூடத்துல படுத்தோமே, என்ன கெட்டுப்போச்சு?" என்று சிலர் கேட்கிறார்கள். கெட்டுப்போன தூக்கத்தையும், பாதியில் நின்ற படிப்பையும், வெளியே சொல்ல முடியாமல் பெண்கள் பட்ட கூச்சத்தையும் அன்று யார் கணக்கெடுத்தார்கள்? மறைவு என்பது ஆடம்பரம் அல்ல. அதுவும் உடல் நலத்தில் சேர்ந்ததுதான். ஆகவே கூடத்தைப் பிரிப்பதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் பிரிக்கும் முறையில்தான் ஆபத்து இருக்கிறது. நாம் மறைக்க வேண்டியது பிறர் கண்ணை. பலர் காற்றையும் சேர்த்து மறைத்துவிடுகிறார்கள்!

உங்கள் வீட்டில் முன்வாசலிலிருந்து பின்வாசலுக்குக் காற்று எந்த வழியாகப் போகிறது என்று ஒரு தடவை நின்று பாருங்கள். அந்த வழியின் குறுக்கே, முதுகுப் பலகை அடித்த ஆளுயர அலமாரியை நிறுத்தினால் என்ன ஆகும்? சன்னல் ஒரு பக்கம், படுக்கை இன்னொரு பக்கம் என்று ஆகிவிடும். படுக்கைப் பக்கத்தில் வெயிலும் இல்லை, காற்றும் இல்லை. இருமலில் வெளிவரும் காசநோய்க் கிருமி காற்றோட்டமில்லாத இடத்தில் பல மணி நேரம் மிதந்து கொண்டிருக்கும். காற்று வீசினால் அது கலைந்து குறைந்து போகும். வெயில் பட்டால் செத்துப்போகும். சளிக்காய்ச்சலும் அடைத்த அறையில்தான் வேகமாகப் பரவுகிறது.

எனவே அலமாரியைச் சன்னலுக்கு எதிரே குறுக்குச் சுவர்போல நிறுத்தாதீர்கள். சன்னல் இருக்கும் சுவரிலிருந்து உள்நோக்கி நீளவாக்கில் நிறுத்துங்கள். அப்போது சன்னலில் பாதி இந்தப் பக்கத்துக்கும் பாதி அந்தப் பக்கத்துக்கும் கிடைக்கும். முதுகுப் பலகை இல்லாத திறந்த கட்டங்களாக இருந்தால் இன்னும் நல்லது. சில கட்டங்களைக் காலியாகவே விட்டுவிடுங்கள். உயரம் நாலு அடி போதும். படுத்திருப்பவரை மறைக்க அதற்கு மேல் தேவையில்லை. துணி மாற்ற மறைவு வேண்டுமானால், மேலே ஒரு கயிறு கட்டி லேசான துணித்திரை போடுங்கள். வேலை முடிந்ததும் திரையை ஒதுக்கிவிட்டால் காற்று தாராளமாகப் போகும்.

இன்னொரு வழக்கமும் இருக்கிறது. வீட்டில் வயதானவர் ஓயாமல் இருமினால், அவரை அலமாரிக்குப் பின்னால் இருட்டு மூலையில் ஒதுக்கிவிடுகிறார்கள். இதனால் அவருக்கும் கேடு, வீட்டுக்கும் கேடு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசாங்கக் கிளினிக்கில் சளியைச் சோதிக்க வேண்டும். 1956இல் சென்னையில் தொடங்கி 1959இல் முடிவு வெளியான ஓர் ஆய்வு உலக மருத்துவர்களின் எண்ணத்தையே மாற்றியது. நெருக்கடியான வீடுகளில் இருந்துகொண்டே ஒழுங்காக மருந்து எடுத்த காசநோயாளிகள், ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்களைப் போலவே குணமடைந்தார்கள். அவர்களோடு வாழ்ந்த குடும்பத்தாருக்கு அதனால் நோய் அதிகமாகிவிடவும் இல்லை. ஆகவே குடும்பத்தைக் காப்பாற்றுவது மருந்துதான், அலமாரி அல்ல. நோயாளிக்குச் சன்னலோரத்தைக் கொடுங்கள்!

அடுத்தது இன்னும் அவசரமான விஷயம். அலமாரி விழுகிறது!

சுவரோரம் சாய்த்து வைத்த அலமாரியே பிள்ளைகள்மேல் விழுந்து உயிரைக் குடித்திருக்கிறது. 2016இல் ஐக்கியா நிறுவனம் அமெரிக்காவில் 2 கோடியே 90 லட்சம் இழுப்பறை அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. பிள்ளைகள் சாவுதான் அதற்குக் காரணம். 2022இல் அந்த நாட்டில் இதற்கென்றே சட்டம் வந்தது. பிள்ளைகள் ஏறினாலும் இழுத்தாலும் அலமாரி சாயாமல் நிற்கிறதா என்று சோதிக்கச் சொல்லும் தரவிதி அங்கே 27 அங்குல உயரமுள்ள அலமாரிக்கே பொருந்துகிறது. நம் இடுப்பளவுகூட இல்லாத உயரம் அது! அப்படியிருக்க, நாம் கூடத்தின் நடுவே இரண்டு பக்கமும் பிடிமானம் இல்லாமல் நிறுத்துவது எவ்வளவு ஆபத்து என்று சிந்தித்துப் பாருங்கள். சின்னப் பிள்ளைக்குக் கட்டம் கட்டமான அலமாரி என்றால் அது ஏணிதான். மேல் தட்டில் மிட்டாய் டப்பா தெரிந்தால் கேட்கவே வேண்டாம்.

பழைய லயத்து வீட்டுத் தரை சமமாக இருக்காது. ஆட்டம் கண்டால் அடியில் மெல்லிய கட்டை வைத்துச் சரிசெய்யுங்கள். செங்கல் அடுக்கித் தூக்கி நிறுத்தாதீர்கள். அலமாரியின் ஒரு முனை சுவரைத் தொட்டு நிற்கட்டும். அந்த முனையை மேலும் கீழும் எல் வடிவ இரும்பு வைத்துச் சுவரோடு முடுக்கிவிடுங்கள். பலகைச் சுவரானால் மெல்லிய பலகையில் அல்ல, உள்ளே இருக்கும் மரச்சட்டத்தில் முடுக்க வேண்டும். இரண்டு அலமாரி இருந்தால் முதுகோடு முதுகு சேர்த்தோ, மூலைமட்டமாகவோ பிணைத்துவிட்டால் ஒற்றையாய் நிற்பதைவிட உறுதி அதிகம். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கவே கூடாது. அரிசி மூட்டை, எண்ணெய் டின் கீழ்த் தட்டில். தலையணை, துணி மேல் தட்டில். டி.வி.யை உச்சியில் ஏற்றாதீர்கள்.

தூள் பலகையில் செய்த அலமாரி ஈரம் பட்டால் உப்பிவிடும். உப்பினால் திருகாணி பிடிக்காது. வருடத்துக்கு இரண்டு தடவை, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீடு கழுவும்போது, எல்லாத் திருகாணியையும் முடுக்கிப் பாருங்கள். அப்படியே பின்பக்கத்தையும் துடைத்துவிடுங்கள். டிங்கி கொசு பகலில் ஒளிந்துகொள்வது இருட்டு மூலையிலும் தொங்கும் துணிகளுக்கு இடையிலும்தான்.

ஒன்று மறக்காதீர்கள். எந்தப் பக்கம் படுத்திருந்தாலும் வாசலுக்கு ஓட இரண்டரை அடி வழி இருக்க வேண்டும். பலகை வீட்டில் நெருப்புப் பிடித்தால் யோசிக்க நேரம் இராது.

"சுவத்துல ஆணி அடிச்சா ஆபீஸ்ல திட்டுவாங்களே" என்று சிலர் தயங்குவீர்கள். வீடு நிர்வாகத்துடையதுதான், ஆனால் அதில் தூங்கும் பிள்ளை நம்முடையது. நாலைந்து வீட்டார் சேர்ந்து, தோட்டக் கமிட்டி மூலமாக எழுத்தில் அனுமதி கேளுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. தொழிலாளர் தங்குமிடங்களுக்கான 2020ஆம் ஆண்டு விதிகள், ஓர் ஆள் படுக்கக் குறைந்தது 3.6 சதுர மீட்டர் இடம் வேண்டும், பெரிய பொதுக்கூடமானால் 3 சதுர மீட்டர் வேண்டும் என்கின்றன. தனி ஆளுக்கே இவ்வளவு என்றால், ஆறு பேர் உள்ள குடும்பம் படுக்க மட்டும் 21.6 சதுர மீட்டர் ஆகிறது. உங்கள் கூடத்தை அளந்து பாருங்கள். அலமாரி இடத்தைப் பங்குபோடுமே தவிர, இல்லாத இடத்தை உண்டாக்காது. "அலமாரி வச்சுப் பிரிச்சுக்கிட்டாங்க, இனி அறை எதுக்கு?" என்று யாரும் சொல்ல இடம் கொடுக்காதீர்கள். அறை கேட்பது நம் உரிமை. அது கிடைக்கும் வரைக்கும் அலமாரி ஒரு துணை, அவ்வளவுதான்.

இன்று இரவு படுக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் அலமாரியின் மேல் விளிம்பைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். ஆடினால், பக்கத்தில் பாய் விரிக்காதீர்கள். நாளைக்கே ஒரு திருப்புளியை எடுங்கள்!