ஐரோப்பிய பிராண்ட் ரெயின் ஜாக்கெட்... ஐப்பசி அடைமழைக்குத் தாங்குமா? வாங்கும் முன் இதைப் படிங்க!

ஐப்பசி பிறந்துவிட்டால் டெல்டாவில் எல்லோரும் வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவோம். சம்பா நட்டவர்கள் ஒரு கவலையில் பார்ப்பார்கள். குடவாசலிலிருந்து கும்பகோணத்துக்கோ திருவாரூருக்கோ பைக்கில் காலேஜ், வேலை என்று போகிறவர்கள் வேறொரு கவலையில் பார்ப்பார்கள். 'நனையாம போய்ச் சேருவோமா?' என்பதுதான் அந்தக் கவலை.

அந்த நேரம் பார்த்து உங்கள் போனில் ஒரு விளம்பரம் வரும். பனி மலை, தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர், ஆரஞ்சு கலர் ஜாக்கெட். 'ஐரோப்பியத் தரம்' என்று ஒரு வரி. கீழே விலை. ஒரு மாசச் சம்பளத்தில் பாதி!

வாங்கலாமா? பதில் சொல்வதற்கு முன்னால், 'ஐரோப்பியத் தரம்' என்பது என்ன என்று கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். ஏனென்றால் தொட்டுப் பார்த்து, போட்டுப் பார்த்து வாங்கும் வசதி பெருநகரத்துக்காரர்களுக்குத்தான். நமக்குப் போன்தான் கடை. திரையில் இருப்பதைப் படிக்கத் தெரிந்தால்தான் காசு மிஞ்சும்.

பிராண்டுக்கு எந்த ஊரு?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். மலை ஏறுகிற படம் போட்ட எல்லாமே ஐரோப்பா இல்லை. கொலம்பியா, தி நார்த் ஃபேஸ் இரண்டும் அமெரிக்கா. வைல்ட்கிராஃப்ட் நம்ம பெங்களூரு. டெகத்லான் பிரான்ஸ். 1976-ல் தொடங்கிய கம்பெனி. அவர்களுடைய மலைநடை பிராண்ட்தான் கெச்சுவா. மம்மூட் சுவிட்சர்லாந்து, டாய்ட்டரும் வாவ்டேயும் ஜெர்மனி, ஃபியால்ராவென் ஸ்வீடன்.

சரி, ஊர் தெரிஞ்சா தரம் தெரிஞ்சுடுமா? அதுதான் இல்லை பாஸ்.

ஜாக் வுல்ஃப்ஸ்கின் என்ற ஜெர்மன் பிராண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-ல் அமெரிக்காவின் கால்வே நிறுவனம் அதை வாங்கியது. 2025-ல் சீனாவின் ஆன்டா நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. பிரான்ஸின் சலோமோன் பிராண்டை வைத்திருக்கும் அமெர் ஸ்போர்ட்ஸிலும் பெரும் பங்கு ஆன்டாவிடம்தான். நார்வேயின் ஹெல்லி ஹேன்சன் 1877-ல் பிறந்த பழம்பெரும் பெயர். 2025-ல் அதை வாங்கியது, ராங்க்ளர் ஜீன்ஸ் விற்கும் அமெரிக்க நிறுவனமான கோன்டூர்.

கைமாறினால் தரம் கெட்டுவிடும் என்று சொல்லவில்லை. ஆனால், 'நூறு வருஷப் பாரம்பரியம்' என்ற வார்த்தை இன்றைய ஜாக்கெட்டுக்கு கேரன்டி கிடையாது. பிரிட்டனின் கேரிமோர் இதற்கு நல்ல பாடம். ஒரு காலத்தில் எவரெஸ்ட் ஏறியவர்கள் முதுகில் இருந்த பை அது. 2004-ல் நிறுவனம் நொடித்த பிறகு பெயரை ஒரு பெரிய தள்ளுபடிக் கடைச் சங்கிலி வாங்கிக்கொண்டது. பெயர் அதேதான், சரக்கு சந்தையின் கீழ்த்தட்டுக்கு வந்துவிட்டது.

இன்னொன்று, தைப்பது யார்? பெரும்பாலும் வியட்நாம், பங்களாதேஷ், சீனா, இந்தியா. ஐரோப்பிய பிராண்டுகளுக்குப் பின்னலாடை தைத்து அனுப்பும் திருப்பூரில் நம்ம டெல்டாப் பிள்ளைகளும் வேலை பார்க்கிறார்கள். அதனால் 'மேட் இன் இந்தியா' என்று லேபிளில் இருந்தால் முகம் சுளிக்க வேண்டாம். ஒரே ஃபேக்டரியில் 800 ரூபாய்ச் சரக்கும் 8,000 ரூபாய்ச் சரக்கும் தைக்க முடியும். எந்தத் துணி, எத்தனை பரிசோதனை என்று பிராண்ட் கேட்டதோ அதுதான் வித்தியாசம்.

பெயரை விடுங்க, எண்ணைப் படிங்க

மழை ஜாக்கெட் விவரத்தில் 2,000 மி.மீ, 5,000 மி.மீ, 10,000 மி.மீ என்று ஓர் எண் இருக்கும். துணிமேல் தண்ணீரின் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போய், எவ்வளவு உயர நீரின் அழுத்தத்தில் துணி கசிகிறது என்று பார்க்கிறார்கள். 2,000 மி.மீ என்றால் இரண்டு மீட்டர் உயரத் தண்ணீரைத் தாங்கியது என்று அர்த்தம்.

பெரிய எண் நல்லதுதான். ஆனால், தோளில் பை வார் அழுத்தும் இடம், பைக் சீட்டில் உட்காரும் இடம் இரண்டிலும் அழுத்தம் அதிகம். அங்கேதான் முதலில் நனையும். நடந்து போக 2,000 போதும் என்றால், பைக்குக்கான பேன்ட்டில் அதைவிடக் கூடுதலாகப் பாருங்கள்.

அதைவிட முக்கியம் தையல். ஊசி போன ஒவ்வோர் இடமும் ஓர் ஓட்டை. உள்பக்கம் எல்லாத் தையல் மேலும் டேப் ஒட்டியிருக்க வேண்டும். துணி 10,000 தாங்கி, தையலில் டேப் இல்லையென்றால், ஓட்டைக் கூரைக்கு மார்பிள் தரை போட்ட கதைதான். ஆன்லைனில் வாங்கும்போது உள்பக்கப் படம் இல்லை என்றாலே கொஞ்சம் யோசிக்கலாம்.

'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்பது வேறு, 'வாட்டர்புரூஃப்' என்பது வேறு. முதலாவது தூறலுக்கு. இரண்டாவதுதான் அடைமழைக்கு.

மூச்சு விடும் துணி, மூச்சு முட்டும் டெல்டா

இதுதான் மேட்டரே. விலை உயர்ந்த ஐரோப்பிய ஜாக்கெட்டுக்கு நீங்கள் கொடுக்கும் காசில் பெரும் பங்கு 'மூச்சு விடும்' தன்மைக்குத்தான். மழைத்துளி உள்ளே வராது, வியர்வையின் ஆவி மட்டும் வெளியே போகும் என்பார்கள். பொய் இல்லை. ஆனால், அது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள்.

உள்ளே ஈரப்பதம் அதிகம், வெளியே குறைவு. இந்த வித்தியாசம்தான் ஆவியை வெளியே தள்ளுகிறது. ஆல்ப்ஸ் மலையில் வெளியே குளிர், காற்றில் நீராவி குறைவு. அங்கே சூப்பராக வேலை செய்யும். கார்த்திகை மாசத்து குடவாசல் என்ன நிலைமை? துவைத்துப் போட்ட துணி மூணு நாளாகியும் கொடியில் காயாது. காற்றே நனைந்து கிடக்கிறது. வெளியேயும் வெதுவெதுப்பு, ஈரம். ஆவி எங்கே போகும்? உள்ளேயே தங்கி, சட்டையை நனைக்கும். 'இவ்வளவு விலை கொடுத்தும் லீக் ஆகுதே' என்று நீங்கள் திட்டுவது பாதி நேரம் உங்கள் வியர்வையைத்தான்.

நம்ம வயலில் வேலை செய்தவர்களுக்கு இது எப்போதோ தெரியும். கோணிச் சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் மடித்துச் செருகி, தலையில் போட்டுக்கொள்ளும் கொங்காணியை நினைத்துப் பாருங்கள். தலை, முதுகு மூடியிருக்கும். முன்பக்கமும் கீழேயும் திறப்பு. குனிந்து நாற்று நடுகிறவருக்கு மழை விழுவது முதுகில்தானே! பிறகு உரச்சாக்கும் பாலித்தீன் ஷீட்டும் வந்தன, வடிவம் மாறவில்லை. துணி மூச்சு விடாவிட்டாலும் திறப்பு வழியாக உடம்பு மூச்சு விட்டது.

ஆக, நம்ம ஊருக்குப் பார்க்க வேண்டியது மெம்பிரேனின் பெயரை அல்ல, காற்று போகும் வழியை. அக்குளில் ஜிப், முதுகில் மடிப்புக்குள் வலை, கொஞ்சம் தளர்வான அளவு. நடப்பதற்கு போஞ்சோ நல்ல சாய்ஸ். ஆனால், பைக்கில் போஞ்சோ வேண்டவே வேண்டாம். காற்றில் பறந்து சக்கரத்தில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. பைக்குக்கு மேல், கீழ் எனத் தனித்தனியாக வரும் செட்தான் சரி.

ஷூவுக்கும் இதே கதைதான். மெம்பிரேன் வைத்த வாட்டர்புரூஃப் ஷூவுடன் முழங்கால் தண்ணீர் நிற்கும் தெருவில் இறங்கினால், மேல்வழியாக உள்ளே போன தண்ணீர் வெளியே வராது. காய மூணு நாள் ஆகும். அங்கே ரப்பர் செருப்புதான் ராஜா.

பீரோவுக்குள்ளேயே செத்துப்போகும் ஷூ

ஆசை ஆசையாக வாங்கி, 'மலைக்குப் போகும்போது போட்டுக்கலாம்' என்று பத்திரமாக வைத்த டிரெக்கிங் ஷூ. இரண்டு, மூன்று வருஷம் கழித்து எடுத்தால் அடிப்பாகம் கேக் மாதிரி உதிர்கிறது. 'டூப்ளிகேட் கொடுத்துட்டான்' என்று நினைப்போம். ஒரிஜினலுக்கும் இது நடக்கும்.

பாலியூரித்தேன் என்ற பொருளைச் சூடும் ஈரக்காற்றும் சேர்ந்து மெல்ல உடைத்துவிடும். ஷூவின் நடு அடுக்கு, ஜாக்கெட்டின் உள்பூச்சு, டென்ட்டின் பூச்சு எல்லாவற்றிலும் இது பயன்படுகிறது. ஜாக்கெட் உள்ளே பிசுபிசுப்பதும், செதில் செதிலாக உரிவதும் இதனால்தான். ஐரோப்பாவின் குளிர்ந்த அலமாரியில் பல வருஷம் வரும் பொருள், நம்ம ஊர் பீரோவில் சீக்கிரமே போய்விடும்.

அதனால், எப்போதோ ஒருநாள் போட விலை உயர்ந்த ஷூ வாங்க வேண்டாம். நடு அடுக்கு ஈ.வி.ஏ என்று இருந்தால் இந்தப் பிரச்னை இல்லை. பாதி விலை தள்ளுபடியில் பழைய ஸ்டாக் வந்தால் தயாரித்த மாதத்தைப் பாருங்கள். நான்கு வருஷம் குடோனில் இருந்த ஷூ லாபம் அல்ல.

'முன்ன மாதிரி தண்ணி ஓடலையே!'

புது ஜாக்கெட்டில் தண்ணீர், தாமரை இலை மேல் ஓடுகிற மாதிரி உருண்டு ஓடும். அதற்குக் காரணம் மேல்பூச்சு. பல வருஷமாக இதற்கு பி.எஃப்.ஏ.எஸ் வகை ரசாயனங்களைப் பயன்படுத்தினார்கள். மண்ணிலும் நீரிலும் எளிதில் அழியாதவை என்பதால் 'நிரந்தர ரசாயனங்கள்' என்று பெயர். பிரான்ஸ் 2025-ல் கொண்டுவந்த சட்டப்படி, 2026 ஜனவரி 1 முதல் இவை கலந்த ஆடை, ஷூக்களை அங்கே விற்பதற்குத் தடை. சில பாதுகாப்பு உடைகளுக்கு மட்டும் விலக்கு. பல பிராண்டுகள் ஏற்கெனவே மாற்றுப் பூச்சுக்கு மாறிவிட்டன.

இது நல்ல மாற்றம். ஆனால், புதுப் பூச்சு தண்ணீரைத் தள்ளும், எண்ணெய்ப் பிசுக்கைத் தள்ளாது. தலை எண்ணெய், வியர்வை, ரோட்டுப் புகை படிந்தால் சீக்கிரம் மங்கும். தரம் குறைந்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். மென்மையான லிக்விட் சோப்பில் துவைத்து, ஃபேப்ரிக் சாஃப்ட்னர் சேர்க்காமல் நன்றாக அலசுங்கள். லேபிள் அனுமதித்தால் மிதமான சூட்டில் அயர்ன் செய்யுங்கள். பெரும்பாலும் உயிர் திரும்பும்.

மலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும்

அப்போ ஐரோப்பிய கியர் எதற்குமே லாயக்கில்லையா? அப்படி இல்லை. வெள்ளியங்கிரிக்கு ராத்திரியில் ஏறுகிறவர்களைக் கேளுங்கள். ஏறும்போது வியர்வையில் குளித்த காட்டன் டி-ஷர்ட், உச்சிக் காற்றில் ஐஸ் மாதிரி ஒட்டிக்கொண்டு உடம்புச் சூட்டை உறிஞ்சும். சமவெளியிலேயே வளர்ந்த நமக்கு இது புது அனுபவம். இங்கே சீக்கிரம் காயும் பாலியஸ்டர் டி-ஷர்ட், மேலே ஒரு ஃப்ளீஸ், காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட் என்ற ஐரோப்பிய அடுக்கு முறை நிஜமாகவே உதவும். இதற்கு விலை உயர்ந்த பிராண்ட் அவசியம் இல்லை, முறைதான் முக்கியம்.

2024 அக்டோபரில் தமிழக அரசு 'டிரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 மலைநடைப் பாதைகளைத் திறந்த பிறகு, முதன்முறையாக மலை ஏறும் ஆசை பலருக்கு வந்திருக்கிறது. ஸ்லீப்பிங் பேக் வாங்குவதாக இருந்தால், மேலே பெரிதாகப் போட்டிருக்கும் டிகிரியை நம்பாதீர்கள். ஐரோப்பிய முறைப்படி 'கம்ஃபர்ட்', 'லிமிட்', 'எக்ஸ்ட்ரீம்' என மூன்று எண்கள் இருக்கும். 'கம்ஃபர்ட்' எண்ணைப் பாருங்கள். 'எக்ஸ்ட்ரீம்' என்பது தூங்குவதற்கான எண் அல்ல, உயிர் தப்புவதற்கான எண்.

2,500 ரூபாய்க் கோடு

2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி மாறியிருக்கிறது. 2,500 ரூபாய் வரையிலான ஆடைக்கும், அதே விலை வரையிலான ஒரு ஜோடிச் செருப்பு, ஷூவுக்கும் 5% வரி. அதைத் தாண்டினால் 18%. 2,500 ரூபாய் ஜாக்கெட்டுக்கு வரி 125 ரூபாய். 2,600 ரூபாய் ஜாக்கெட்டுக்கு வரி 468 ரூபாய். நூறு ரூபாய் வித்தியாசம், கையை விட்டுப் போவது 443 ரூபாய்! அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் பொருளை வாங்கும் முன், கோட்டுக்குக் கீழே அதே எண்களுடன் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

ஆர்டர் பட்டனைத் தட்டும் முன்...

* எத்தனை மி.மீ? தையல் முழுக்க டேப் உண்டா?
* காற்றுப் போக வழி எங்கே?
* தயாரித்த நாடு, இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி விவரத்தில் இருக்கிறதா? மறைத்தால் நகர்ந்துவிடுங்கள்.
* ஜிப் போனால் ஊரில் பை தைக்கிற அண்ணன் மாற்றித் தர முடியுமா? வழக்கமான அளவு ஜிப் என்றால் முடியும்.
* வாரன்டி இந்தியாவில் செல்லுமா? வெளிநாட்டில் மட்டும் செல்லும் வாரன்டி வெறும் காகிதம்.
* பார்சல் வந்ததும் லேபிளைக் கிழிக்காமல், வீட்டிலேயே தண்ணீர் ஊற்றாமல் தையலையும் ஜிப்பையும் பாருங்கள். திருப்பி அனுப்பும் உரிமை போய்விடக் கூடாது. போலி என்று தெரிந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

தரம் என்பது ஜாக்கெட்டுக்குள் மட்டும் இருப்பதில்லை. அது எந்த மழையில், எந்த வேலைக்குப் பயன்படுகிறது என்பதிலும் இருக்கிறது. மாசத்தில் இருபது நாள் நனைந்துகொண்டு வேலைக்குப் போகிறவருக்கு நல்ல மழை செட் ஆடம்பரம் இல்லை, காய்ச்சலில் போகும் நாள் சம்பளத்தைக் காப்பாற்றும் முதலீடு. அதை ஆல்ப்ஸ் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், நம்ம ஊர் வானத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்!