ஆறு ஆண்டுக்கு ஒருமுறை திறக்கும் வழி

திருவிழா என்றால் ஆண்டுதோறும் வரவேண்டும் என்பது நம் கணக்கு. பிரெஞ்சு நாட்டின் மேற்குக் கோடியான பிரித்தானியில், லொக்ரோனான் என்னும் சிற்றூரின் கணக்கு வேறு. அங்கே சிறு சுற்றுப்பிரகாரம் ஆண்டுதோறும் உண்டு. பெருஞ்சுற்று ஆறு ஆண்டுக்கு ஒருமுறைதான். 2019-இல் நடந்தது; பின்னர் 2025 ஜூலையில் நடந்தது. ஏறத்தாழ எண்ணூறு பேர் வாழும் அக்கருங்கல் ஊரில் அவ்வாரம் ஆயிரக்கணக்கானோர் வந்து கூடுவர்.

விழாவின் பெயர் திரொமெனி. துறவியரின் அடைக்கல நிலத்தை வலம் வருதல் என்பது அதன் பொருள். அயர்லாந்திலிருந்து வந்து அங்கே தவமிருந்த புனித ரோனான், வாரம் ஒருமுறை வெறுங்காலுடன் நோன்பிருந்து அந்நிலத்தைச் சுற்றி நடந்தார் என்பது மரபு. அவர் இறந்தபின் உடலை வண்டியில் ஏற்றி எருதுகளை அவற்றின் போக்கில் விட்டார்களாம். அவை அவர் நடந்த வழியிலேயே நடந்தன. எதிரே வந்தாள் கெபென் என்பவள். துணி துவைக்கும் கட்டையால் எருதை அடித்தாள், கொம்பு முறிந்தது. கொம்பு வீழ்ந்த குன்றின்மேல் இன்று ஒரு சிற்றாலயம் இருக்கிறது. கெபெனைப் பூமி விழுங்கிவிட்டது என்பார்கள். கணவன் வேலையை மறந்து துறவியின் பேச்சிலேயே கிடந்தான் என்பது அவள் மனக்குறை. அவள் பக்கமும் ஒரு நியாயம் இருந்திருக்கும் என்றே நமக்குத் தோன்றுகிறது!

சுற்று 12 கிலோமீட்டர். வழியில் 12 தலங்கள். ஆனால் இதைச் சாலை என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பகுதி உழவர்களின் சொந்த வயல். மற்றக் காலத்தில் அங்கே வழியே இராது. விழா ஆண்டில் வேலியைத் திறந்து, பயிருக்கு நடுவே நடக்க இடம் விடுகிறார்கள். உழவர் மறுத்தால் திரொமெனி இல்லை.

ஜூலை இரண்டாம் ஞாயிறன்று முரசு முன்னே முழங்க, பூவேலை செய்த கனத்த கொடிகளும், புனிதரின் திருப்பண்டம் அடங்கிய பேழையும் புறப்படும். வழி நெடுகத் தழையால் வேய்ந்த நாற்பதுக்கும் மேற்பட்ட குடில்கள். அக்கம்பக்கத்துப் பங்குகளிலிருந்து கொணர்ந்த சொரூபம் ஒவ்வொன்றிலும் வீற்றிருக்கும். அதன்பின் வாரம் முழுவதும், பகலோ இரவோ, யார் வேண்டுமானாலும் தனியாகவும் சுற்றலாம். 12 தலங்களும் கெல்த்தியரின் பழைய ஆண்டின் 12 மாதங்களைக் குறிப்பன என்று தொனாசியன் லொரான் என்ற ஆராய்ச்சியாளர் வாதிட்டார். கிறித்தவம் வருமுன்பே மக்கள் அவ்வழி நடந்திருக்கலாம் என்று அதனால் கருத இடமுண்டு.

உயிரோடிருக்கும்போது இச்சுற்றை முடிக்காதவன் இறந்தபின் முடித்தே தீரவேண்டும் என்பது அவ்வூர் நம்பிக்கை. அதுவும் ஒவ்வொரு முறையும் தன் சவப்பெட்டியின் நீளமளவே நகரமுடியுமாம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து பிழைப்புத் தேடிப் பாரிசுக்குப் போன பிரித்தானியர் மிகப் பலர். ஊரை விட்டு வந்தவனுக்கு அச்சொல் எவ்வளவு கனக்கும் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மூன்றாம் ஞாயிறன்று மறுபடியும் பெருஞ்சுற்று நடக்கும். பேழை கோயிலுக்குத் திரும்பும்; குடில்களைப் பிரித்துச் சொரூபங்களை அவரவர் ஊருக்கு எடுத்துச் செல்வர். வயல் மீண்டும் உழவரிடம் சேரும். அடுத்த முறை 2031-இல்.